நில்லு அத்தையும் லாயத்து எருவும்

என் அப்பாவின் தங்கைக்கு ‘நில்லு’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. மற்றவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நாங்கள், வீட்டுச் சின்னவர்கள், முகத்துக்கு நேராகவே ‘நில்லு அத்தை’ என்று கூப்பிட்டு வளர்ந்தோம். அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

அது பாட்டில் தொழிற்சாலையில் கிடைத்த பெயர். வெள்ளை விளக்குக்கு முன்னால் பெல்ட்டில் ஊர்ந்து போகும் பாட்டில்களைப் பார்ப்பதுதான் அங்கே அவளுக்கு வேலை. கீறல், குமிழி, உள்ளே ஒட்டிய துகள் என்று எதையாவது கண்டால் ‘நில்லு’ என்று குரல் கொடுக்க வேண்டும். பெல்ட் நிற்கும். மற்றவர்கள் ஒரு நாள் முழுக்கச் சொல்வதை அத்தை டீ இடைவேளைக்குள் சொல்லிவிடுவாள். அவள் நிறுத்தியதில் பாதி வெறும் தூசி. மீதிப் பாதி தூசி இல்லை. அதனால்தான் அவளைத் திட்டினார்களே தவிர, இடத்தை விட்டு மாற்றவில்லை.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. பாட்டில் பார்ப்பவர்கள் அவ்வப்போது முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிப்போய்விடுமாம். பழகிய கண்ணுக்குக் கீறலும் பாட்டிலின் ஒரு பகுதியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். தொழிற்சாலை மூடி வருஷங்கள் ஆன பிறகும் இந்த வழக்கம் அத்தையை விடவில்லை. அடுப்பில் பாலை வைத்தால் அதையே பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். திரும்பி நின்றுவிட்டுச் சட்டென்று பார்ப்பாள். பால் பொங்கி வழிவதும் அதனால்தான் என்பது மாமாவின் கட்சி.

மாமா அதே தொழிற்சாலையில் சரக்கு வண்டி ஓட்டியவர். வேலை போன பிறகு இருவரும் சேர்ந்து ஊர் முடியும் இடத்தில், சாலைக்குக் கீழே சரிவாக இறங்கும் ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். இயற்கை விவசாயம் என்று முடிவு செய்தது அத்தை. அதற்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்று வருஷம் நிலத்தில் எந்த ரசாயனமும் விழக் கூடாது. நான் பட்டம் வாங்கிவிட்டு, வேலைக்கு மனு போட்ட இடங்களிலிருந்து பதில் வராமல் அவர்கள் வீட்டில் போய்த் தங்கியது மூன்றாவது வருஷத்தில். அந்தப் பருவத்தின் முடிவில் ஆய்வாளர் வருவார். சான்றிதழ் கிடைத்தால் பெரிய மருத்துவமனையின் சமையலறை தக்காளி முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தப்பான ஒன்று நிலத்தில் விழுந்துவிட்டால் முதல் வருஷத்தின் முதல் நாளுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் ‘நீ படிச்சவ, நீ சொல்லு’ என்பார்கள். மாமா என்னைப் ‘பட்டதாரி’ என்றே கூப்பிடுவார். நான் படித்தது பொருளாதாரம். எருவுக்கும் சாணத்துக்கும் என்ன வித்தியாசம் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருக்கும்.

நிலத்தின் மேல்பாதி நல்ல மண். கீழ்ப்பாதி களிமண், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அது வரை அங்கே மக்காச்சோளம் மட்டும் போட்டிருந்தார்கள். இந்த முறை அங்கேயும் தக்காளி வைத்தாக வேண்டும். வீட்டில் மக்கவைத்த எரு மேல்பாதிக்குத்தான் வரும். கீழ்ப்பாதிக்கு என்ன போடுவது என்று நாள்கணக்கில் பேச்சு நடந்தது. புண்ணாக்கு செடிக்குச் சாப்பாடு போடும், ஆனால் களிமண்ணை இளக்காது என்றாள் அத்தை. சாம்பல் போடலாமே என்று மாமா கேட்டதற்கு, ஏற்கெனவே காரமாக இருக்கிற மண்ணில் இன்னும் காரம் ஏற்றவா என்று கேட்டாள். மூட்டையில் விற்கும் உரத்தை அவள் தொடவே மாட்டாள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று மூட்டைக்கே தெரியாது என்பாள்.

அப்போதுதான் லாயக்காரர் வந்தார். சாலைக்கு மேலே குதிரையேற்றப் பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் லாயத்தைப் பார்த்துக்கொள்பவர். அவரிடம் மக்கிய எரு மலையாகக் குவிந்து கிடந்தது, இடம் காலியானால் போதும் என்றார். மறுநாளே டிரெய்லரில் கொண்டுவந்து நிலத்தின் மேல் மூலையில் கொட்டினார். கறுப்பாக, உதிரி உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருந்தது. மேலே சில கட்டுக் காய்ந்த புல்லும் கிடந்தது. அதையும் வைத்துக்கொள்ளுங்கள், மண் காயாமல் செடியைச் சுற்றி மூடாக்குப் போட ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா மண்வெட்டியை எடுத்தார்.

“நில்லுங்க,” என்றாள் அத்தை. “குதிரை என்ன தின்னுச்சு?”

“குதிரை புல்லு தின்னும். வேற என்ன, கேக்கா தின்னும்?”

“அந்தப் புல்லு எங்க வளந்துச்சு?”

மாமா என்னைப் பார்த்தார். நான் குவியலைப் பார்த்தேன்.

சான்றிதழுக்கான பயிற்சியில் அத்தை ஒன்றைக் கேட்டு வந்திருந்தாள். புல்வெளிகளில் அடிக்கும் சில களைக்கொல்லிகள் புல்லை விட்டுவிட்டு அகல இலைச் செடிகளை மட்டும் கொல்லும். அந்தப் புல்லைத் தின்னும் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மருந்து வயிற்றில் கரையாமல் சாணத்தோடு வெளியே வரும். மக்கினாலும் போகாது. அந்த எருவைப் போட்டால் தக்காளியும் பீன்ஸும் சுருண்டுவிடும். பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது.

லாயக்காரரிடம் தொலைபேசியில் கேட்டாள். புல் வியாபாரி கொண்டுவந்து போடுகிறார், அவர் எங்கே வாங்குகிறார் என்று யாருக்குத் தெரியும் என்றார் அவர். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாமே என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று நாம் சொன்னால்தான் தேடுவார்கள், பதில் வருவதற்குள் நாற்று கிழடாகிவிடும் என்றாள் அத்தை. அவள் சொன்னது சரிதான். நானும் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டேன்.

மிஞ்சிய வழி பீன்ஸ். பீன்ஸ் செடிக்கு அந்த மருந்து துளி பட்டாலும் தாங்காது. ஆறு தொட்டி எடுத்தாள். மூன்றில் கீழ்ப்பாதி மண்ணோடு லாயத்து எருவைக் கலந்து நிரப்பினாள். எருவைக் குவியலின் ஓரம், நடு, அடி என்று பல இடத்திலிருந்து எடுத்தாள். மற்ற மூன்றில் கீழ்ப்பாதி மண் மட்டும். ஆறிலும் பீன்ஸ் விதை ஊன்றினாள். எருத் தொட்டி சுருண்டு, மண் தொட்டி நன்றாக இருந்தால் எருவில் மருந்து. இரண்டும் நன்றாக இருந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். தொட்டிகளைக் கருவிக் கொட்டகைக்குப் பின்னால் வெயில் படும் இடத்தில் வைத்தாள். எல்லாத் தொட்டியையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும், ஒன்றுக்குச் செய்ததை மற்றதற்கும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சோதனை செல்லாது என்று மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவருக்கு.

ஏனென்றால் அவள் பார்க்கப் போவதில்லை. செடி மூன்றாவது இலைக்கொத்தை விடும்வரை கொட்டகைக்குப் பின்னால் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். தினமும் பார்த்தால் கண் பழகிவிடும், லேசான சுருட்டல் தெரியாமல் போய்விடும். என்னையும் போகக் கூடாது என்றாள். நான் பார்த்தால் முகத்தில் காட்டிவிடுவேனாம்.

காத்திருப்பது எவ்வளவு சத்தமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்றுத் தட்டுகளில் தக்காளி ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வளர்ந்தது. மேல்பாதியில் நட்டு முடித்தார்கள். கீழ்ப்பாதி உழுது வெறுமையாகக் கிடந்தது. மாமா சாப்பிடும்போது பேச மாட்டார், தட்டை மட்டும் கொஞ்சம் பலமாக வைப்பார். பக்கத்து நிலத்துக்காரர்கள் இலவசமாக வந்த எருவை இப்படி யாராவது அடைகாப்பார்களா என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். அதை அவர் அத்தையிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார், அத்தைக்குக் கேட்கும்படி.

நடுவில் ஒரு மத்தியானம் மழை வந்தது. அத்தை வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். குவியல் இருந்தது சரிவின் மேல் மூலையில். அதில் விழும் தண்ணீர் வழிந்து நேராக நிலத்துக்குள் இறங்கும். மாமா தார்ப்பாயை இழுத்தார், நான் மறுமுனையைப் பிடித்தேன். காற்று அதை எங்கள் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. அத்தை குவியலுக்குக் கீழே மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினாள், தண்ணீரை நிலத்துக்கு வெளியே, சாலையோரக் கால்வாய்க்குத் திருப்பிவிட. முதலில் இறங்கிய பழுப்புத் தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஓடியது. ஒரு ஓடை மட்டும் அவள் வெட்டுவதற்கு முன்பே வரப்பு வரைக்கும் போய்விட்டது. அதன் குறுக்கே அவள் மண்ணை வாரி வாரிப் போட்டாள், கையாலேயே. மழை நின்ற பிறகும் மூவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். இது வெறும் சாணித் தண்ணீராகவும் இருக்கலாம் என்று நான் நினைத்தேன். ஒன்றுமில்லாத தூசிக்காக நாங்கள் இப்படி நனைந்திருக்கலாம். அத்தைக்கும் அது தெரியும். தெரிந்தும் ‘நில்லு’ என்று சொல்ல ஒருவருக்கு எங்கிருந்து தெம்பு வருகிறது?

மூன்றாவது இலைக்கொத்து வந்துவிட்டது என்று மாமா சொன்ன காலை, அத்தை முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கொட்டகையைச் சுற்றி நடந்து, தொட்டிகளுக்கு முன்னால் குந்தினாள்.

எருத் தொட்டிகளில் இலைகளின் ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு கரண்டிபோல் குழிந்திருந்தது. தண்டு முறுக்கிக்கொண்டிருந்தது. புதுக் கொழுந்து விரியாமல் மூடிய கைபோல நின்றது. அத்தை தலையை ஆட்டினாள். எதிர்பார்த்த கீறல்தான். பிறகு மண் தொட்டிகளைப் பார்த்தாள்.

அவையும் சுருண்டிருந்தன. கொஞ்சம் குறைவாக, ஆனால் அதே மாதிரி.

“வெயில் ஜாஸ்தி,” என்றார் மாமா.

அத்தை கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். “எரு போட்டதும் சுருண்டிருக்கு. போடாததும் சுருண்டிருக்கு. அப்போ எருவை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம மண்ணுலயே இருக்கு.”

கீழ்ப்பாதியில் அது வரை வளர்ந்தது மக்காச்சோளம் மட்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மக்காச்சோளமும் புல் வகைதான். மண்ணில் மருந்து இருந்தாலும் அது காட்டிக்கொடுத்திருக்காது. எங்களுக்கு முன்னால் அந்த நிலத்தை வைத்திருந்தவர் என்ன அடித்தார் என்று யாருக்குத் தெரியும்? ‘நீ படிச்சவ, சொல்லு’ என்று மாமா கண்ணாலேயே கேட்டார். கைபேசியில் பார்த்தேன். சில மண்ணில் அது வருஷக்கணக்கில் தங்கும் என்று போட்டிருந்தது. இதைச் சொல்வதா, விழுங்குவதா? கல்லூரியில் எனக்குத் தந்த கேள்விகளுக்கெல்லாம் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருந்தது. சொன்னேன். அத்தை “ம்” என்றாள்.

அன்று சமையல் நடக்கவில்லை. மத்தியானம் அத்தை கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். ஆய்வாளருக்குச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். மருத்துவமனைக்கும்.

மாமா வாசலை மறித்த மாதிரி நின்றார். “அவர் வந்து கேட்டா சொல்லலாம். கேக்கறதுக்கு முன்னாடியே நீயே போய் கழுத்தை நீட்டணுமா?”

“கேக்கலைன்னா?”

“கேக்கலைன்னா நல்லது.”

“அப்போ மூணு வருஷமா நான் என்னத்தைப் பண்ணேன்?”

மாமாவுக்கும் அது மூன்று வருஷம்தான். சரக்கு வண்டியில் உட்கார்ந்தே பழகிய முதுகோடு அந்தக் களிமண்ணைக் கொத்தியவர் அவர். திரும்பி ஜன்னல் பக்கம் போய், யாரிடமோ முறையிடுவதுபோலப் பேச ஆரம்பித்தார். தானும் ஒன்றும் ஏனோதானோவென்று இருந்துவிடவில்லையாம். கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டாராம். விதையைக் கொத்த வந்த குருவிகளைத் துரத்தித் துரத்திக் கால் ஓய்ந்து, கடைசியில் மூடியே வைத்தாராம்.

அத்தையின் விரல் கைபேசி மேலேயே நின்றது.

“எதால மூடுனீங்க?”

“புல்லாலதான்.”

“எந்தப் புல்லு?”

“அதான், எருவோட வந்துச்சே, அந்தக் கட்டு. முளைச்சதும் எடுத்துட்டேன்.” அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. “ஆறு தொட்டிக்கும்தான் போட்டேன். ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்கு விட்டா சோதனை செல்லாதுன்னு நீதானே சொன்ன.”

குதிரைக்குப் போட்ட அதே புல். அதன் மேல் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், மருந்தை ஊறவைத்து மண்ணுக்குள் இறக்குவதுபோல. அத்தை பார்த்திருந்தால் முதல் நாளே நிறுத்தியிருப்பாள். பார்க்க மாட்டேன் என்று அவள் போட்ட விதியும், எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்தச் சொன்ன அவளுடைய இன்னொரு விதியும் சேர்ந்து செய்த வேலை இது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதியில் வந்த சிரிப்பு. “அப்போ மண்ணு சுத்தம்!” என்றேன்.

“நில்லு,” என்றாள் அத்தை. “அது உன் ஆசை. இன்னும் தெரியாது.”

சாயங்காலத்துக்குள் மறுபடி தொட்டிகள். இந்த முறை சிலவற்றில் கீழ்ப்பாதி மண் மட்டும். சிலவற்றில் அதே மண்ணின் மேல் அந்தப் புல். குருவிக்குக் கம்பி வலை. வலையை மாமாவே வளைத்துக் கட்டினார், ஒவ்வொரு முடிச்சுக்கும் அத்தையைக் கேட்டுவிட்டு. அத்தை தன் விதியை உடைத்தாள். தினமும் காலையில் கொட்டகைக்குப் பின்னால் போனாள். அங்கேயே நிற்காமல், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தொட்டியைப் பார்ப்பாள். அந்த நாட்களில் அவளோடு பேசப் பயமாக இருந்தது. தட்டில் இருந்த நாற்று கால் நீண்டு, அடி இலை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மாமா அவற்றைப் பெரிய பைகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இந்த மண் தொட்டியும் சுருண்டால் என்ன செய்வார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பேன். இருவரும் மறுபடி எங்கே போய் வேலை கேட்பார்கள்? யோசனை பாதியிலேயே நின்றுவிடும்.

புல் போட்ட தொட்டிகள் சுருண்டன. மண் தொட்டிகளில் இலை தட்டையாக விரிந்தது, மூன்றாவது கொத்து வரைக்கும். அத்தை ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். இன்னொரு தொட்டியிலும் பார்த்தாள். பிறகு மாமாவிடம், “போய் சாப்பிடுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

லாயக்காரரை வரச் சொல்லி எருவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது யாருக்குத்தான் பிடிக்கும்?

“என்னக்கா இது? தின்ன குதிரை குத்துக்கல்லாட்டம் நிக்குது. உங்க செடிக்கு மட்டும் வயித்துவலியா?”

அத்தை வாதாடவில்லை. அவரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தொட்டிகளைக் காட்டினாள். அவர் நீண்ட நேரம் பார்த்தார். லாயத்து வாசலில் அவர் மனைவி போட்ட காய்கறிப் பாத்தியும் இப்படித்தான் இருக்கிறது, ஏதோ நோய் என்று நினைத்திருந்தோம் என்றார். அதன் பிறகு குரல் மாறிவிட்டது. இதைப் புல்வெளியில் மட்டும் போடுங்க தம்பி, புல்லுக்கு ஒன்றும் ஆகாது, வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றாள் அத்தை. டிரெய்லர் வந்து குவியலை வாரிக்கொண்டு போனது.

கீழ்ப்பாதிக்கு அந்தப் பருவத்தில் தக்காளி இல்லை. மண்ணை இளக்க வேறு வழி, பசுந்தாள் செடியை விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுவதுதான். அது மெதுவான வழி. மீந்த நாற்றைப் பக்கத்து நிலத்துக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். மருத்துவமனைச் சமையலறையிடம் சொன்னதில் பாதிதான் தர முடியும் என்று அத்தை முன்பே சொல்லிவிட்டாள்.

ஆய்வாளர் வந்த அன்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே குவியல் கிடந்த மூலைக்கு அவரைக் கூட்டிப்போனாள். மாமா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எரு எப்படி வந்தது, மழையில் ஓடை எங்கே வரை போனது, எங்கே தடுத்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். ஆய்வாளர் வரப்பிலிருந்து மண் எடுத்துக்கொண்டார், தொட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டார். நிலத்துக்குச் சான்றிதழ் வந்தது, அந்த மூலையையும் அதை ஒட்டிய வரப்பையும் நீக்கி. அந்த இடத்துக்கு மட்டும் காலம் முதலிலிருந்து தொடங்கும்.

எனக்கு இப்போது வேறு ஊரில் வேலை. விடுமுறைக்குப் போனபோது அந்த மூலையைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே ஒரே ஒரு வரிசை பீன்ஸ் முளைத்திருந்தது, மேலே கம்பி வலை. மாமா புது வலை வாங்கினாராம். வாங்கும் முன் அது முன்பு எதற்காவது பயன்பட்டதா என்று கடைக்காரரைக் கேட்டுக் குடைந்து எடுத்துவிட்டாராம்.

நான் கயிற்றைத் தாண்டிக் குனிந்தேன். இரண்டாவது கொத்து விரிந்திருந்தது. ஓரம் லேசாக உள்ளே மடிந்த மாதிரி இருந்தது. காலை வெயிலின் நிழலாகவும் இருக்கலாம். இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கக் கையை ஊன்றினேன்.

“நில்லு,” என்றாள் அத்தை பின்னாலிருந்து. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். “மூணாவது இன்னும் வரல.”